துளசித் தொட்டியிலிருந்து பூப்பாத்தி வரை

துலிப் கிழங்கைச் சிட்னியில் நடுவதென்றால், அதற்கு முன்னால் ஆறு வாரமாவது ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இந்த ஊர்க் குளிர் அதற்குப் போதாது. காகிதப் பையில் போட்டுக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். பக்கத்தில் ஆப்பிள் இருக்கக் கூடாது, இருந்தால் கிழங்குக்குள்ளேயே மொட்டு செத்துவிடும். மே மாதம் எடுத்து நட்டால் செப்டம்பரில் பூ. என் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் எனக்குக் கைராசி என்பார்கள். கைராசியெல்லாம் ஒன்றுமில்லை. காலண்டரைப் பார்த்து வேலை செய்கிறவள் நான், அவ்வளவுதான்.

உங்கள் மொழியிலேயே எழுதிக் கொடுங்கள், நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று விசாரணை அதிகாரி சொன்னார். ஆங்கிலத்தில் எனக்கு ஒரு தடுமாற்றமும் கிடையாது. இருபத்திரண்டு வருடம் இங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். ஆனாலும் சரி என்றேன். இதை மொழிபெயர்க்கப் போகிறவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நான் எழுதாத உணர்ச்சியை நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். நம்மவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

என் பெயர் மிருணாளினி. வயது அறுபத்தொன்று. கணவர் நரசிம்மனோடு நார்த்மீடில் இருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் பதினேழு வருடமாக நான் வளர்த்த தோட்டம் இருக்கிறது. டாஃபடில், துலிப், ஐரிஸ், ரனன்குலஸ், இவையெல்லாம் கிழங்கில் வருபவை. அவற்றுக்கு நடுவில் வருடா வருடம் தானாகத் துளிர்க்கிற சால்வியா, லாவெண்டர், டெய்சி. செப்டம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும். டூங்கபி, வெண்ட்வொர்த்வில் பக்கமிருந்தெல்லாம் நம்மவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். பட்டுப்புடவையில் துலிப்புக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பூவின் பெயரை யாரும் கேட்டதில்லை. டீயும் பஜ்ஜியும் எப்போது என்று கேட்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வருகிறவர்கள் யாராக இருந்தாலும், அந்த ஒரு நாள் என் தோட்டம் பார்க்கப்படுகிறது. அது எனக்கு வேண்டியிருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் கணவரின் அக்கா ராதா, கணவரை இழந்து சென்னையிலிருந்து எங்களோடு வந்து தங்கினார். ஒரே மகள் வர்ஷா மெல்பர்னில் இருக்கிறாள். அங்கே இடம் போதாது, குளிர் ஒத்துக்கொள்ளாது, தம்பி வீடுதான் சௌகரியம் என்று முடிவானது. முடிவு செய்தவர்கள் அவர்கள் மூன்று பேரும். எனக்குத் தகவல் வந்தது.

ராதா அக்கா கெட்டவர் இல்லை. விடியற்காலையில் குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போய்ப் பூப் பறிப்பார். முதலில் துளசித் தொட்டிக்குத் தண்ணீர், அதற்குப் பிறகு பூ. சென்னையில் அவர் வீட்டில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் இருந்தனவாம். பறித்தால் மறுநாள் மீண்டும் பூக்கிற செடிகள் அவை. துலிப் அப்படியில்லை. ஒரு கிழங்குக்கு ஒரு பூ, வருடத்துக்கு ஒரு முறை.

அவர் வந்த முதல் செப்டம்பரில், அந்த இரண்டாவது ஞாயிறு காலையில் நான் பின்கதவைத் திறந்தபோது, பாத்தியில் நாற்பத்திரண்டு காம்புகள் நின்றன. பூக்கள் பூஜை அறையில் பெருமாள் படத்துக்கு மாலையாக இருந்தன. துலிப்பைக் காம்பில்லாமல் ஊசி நூலில் கோத்திருந்தார். மாலை அடர்த்தியாகத்தான் இருந்தது. என்ன அக்கா இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"செடியில இருந்தா ரெண்டு நாள்ல உதிர்ந்துடும். பெருமாளுக்குன்னா அதுக்கே ஒரு ஜென்மசாபல்யம். நோக்கு ஏன் மொகம் இப்படி ஆறது?"

அன்றைக்கு எழுபது பேர் வந்தார்கள். காம்புகளைப் பார்த்துவிட்டு, பூஜை அறைக்குப் போய் மாலையைப் பார்த்து, ராதா அக்காவைப் பாராட்டினார்கள். எவ்வளவு பக்தி என்றார்கள். நான் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். அவரை எனக்குப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். பிடிக்காமல் போனது என்பது மென்மையான சொல். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வெளியில் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இதை அவர் மகளே சொல்லுவாள்.

அந்தக் கோடையில் வர்ஷா வீட்டுக்குப் போயிருந்தபோது அவரைத் தேனீ கொட்டியது. நாக்கு தடித்து, மூச்சு அடைத்து, ஆம்புலன்சில் கொண்டுபோய் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தேனீ ஒவ்வாமை என்று கண்டுபிடித்து, எப்போதும் கூடவே வைத்திருக்கும்படி அட்ரினலின் ஊசி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். பேனா மாதிரி இருக்கும். தொடையில் அழுத்தினால் போதும். கொட்டின உடனே போட வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று அச்சடித்த தாளை என் கணவர் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். நான் தினமும் அதைப் படித்தேன். ஃபிரிட்ஜ் கதவில் இருப்பதை யாரும் படிக்காமல் இருக்க முடியாது.

செருப்புப் போட்டுக்கொண்டு பூப் பறிக்கச் சொல்லி என் கணவர் கெஞ்சினார். பகவானுக்குப் பறிக்கிற பூவைச் செருப்புக் காலோடு பறிப்பதா என்று அக்கா மறுத்துவிட்டார். அக்கா தம்பி இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தது நான். தேனீ வெயில் ஏறாமல் கூட்டைவிட்டு வராது, ஆறரை மணிக்குள் பறித்துவிட்டால் பயமில்லை என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். ராதா அக்கா என் கன்னத்தைத் தொட்டு, "நீதான்டி புத்திசாலி" என்றார். அவர் உயிரைக் காப்பாற்றும் விதியை இந்த வீட்டில் எழுதியது நான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மார்ச் கடைசியில், நான் கிழங்குகளைப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தார். பின்பக்கத்தில் கிரானி ஃப்ளாட் என்று ஒரு சின்ன வீடு கட்டப்போகிறார். அக்காவுக்குத் தனியாக ஓர் அறை, சின்னச் சமையலறை, பூஜைக்கு ஓர் இடம். தோட்டம் எங்கே என்று தேடினேன். பூப்பாத்திகள் இருந்த இடத்தில் சாய்வுக் கோடுகள் போட்டு 'கான்கிரீட் தளம்' என்று எழுதியிருந்தது. கவுன்சில் அனுமதி வந்ததும் அக்டோபர் கடைசியில் வேலை ஆரம்பம்.

"பூதானே மிருணா. நாலு தொட்டியில வச்சுக்கோயேன்" என்றார்.

பதினாறு வருடம். அதை அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். ஒரு முறை இல்லை, நான்கு முறை. நான்காவது முறை அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அப்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வீடு கட்டப்படுவது ஓர் ஆளுக்காக. அந்த ஆள் இல்லையென்றால் வீடு வராது. தோட்டமா, ராதா அக்காவா என்று கேட்டது நானில்லை. அவர்கள் அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தார்கள்.

மே முதல் வாரம் வழக்கம்போலக் கிழங்குகளை நட்டேன். அதே வாரத்தில் குளோவர் விதை ஒரு பை வாங்கினேன். மூன்று இலையாக வரும், புல்லோடு புல்லாகத் தரையை ஒட்டி வளரும். வசந்தத்தில் வெள்ளையாகக் குண்டுக் குண்டாய்ப் பூக்கும். மண்ணுக்கு மிகவும் நல்லது, தழைச்சத்தைச் சேர்க்கும். துளசித் தொட்டியிலிருந்து பூப்பாத்தி வரை மரத்தூள் போட்ட நடைபாதை ஒன்று இருந்தது. அதை அள்ளிவிட்டு அங்கே விதைத்தேன். காலுக்கு மெத்தென்று இருக்கும் என்று ராதா அக்காவிடம் சொன்னேன். வெறுங்காலோடு நடக்கிற எனக்காகச் செய்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்லவில்லை.

குளிர்காலம் முழுவதும் தண்ணீர் விட்டேன். களை எடுத்தேன். வாரம் ஒருமுறை முட்டி போட்டு உட்கார்ந்து, எங்கே சொட்டையாக இருக்கிறது என்று பார்த்து இன்னும் கொஞ்சம் தூவினேன். ஒரு செடியை நன்றாக வளர்க்கும்போது மனதுக்குக் கிடைக்கிற அமைதி இருக்கிறதே, அது எதற்காக வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. ஆகஸ்டில் டாஃபடில் வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் துலிப். குளோவரும் மொட்டு விட்டது. அதன் இரண்டு பக்கமும் லாவெண்டர் இருந்தது. அது முன்பே இருந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை.

இரண்டாவது ஞாயிறன்று நூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். ராதா அக்கா பாத்திக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் கையை வீசிக் காட்டினார். "இங்க என் பூஜை ரூம். அதோ அந்த மஞ்சப் பூ இருக்கே, அது என் பாத்ரூம்." எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அந்த மஞ்சள் பூ, பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் ஒற்றைக் கிழங்காக நட்டுப் பெருக்கிய டாஃபடில்.

அன்றைக்குத் தரையைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். டூங்கபியிலிருந்து வருடந்தோறும் வருகிற சூசையம்மா. மன்னார்க்காரர், எழுபத்தைந்து வயது. எல்லோருக்கும் சூசையம்மா அன்ரி. அவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"பிள்ளை, உந்தப் புல்லு முழுக்கத் தேனீ நிக்குது. சின்னப்பிள்ளையள் செருப்பில்லாமல் ஓடித் திரியுதுகள். ஒருக்கா வெட்டி விடுங்கோவன்."

"வெட்டிடறேன் அன்ரி" என்றேன்.

"ஓம், மறந்து போயிடாதேங்கோ."

நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

இங்கே வசந்தம் வரும்போதுதான் ஊரில் புரட்டாசி. சனிக்கிழமை தோறும் ராதா அக்காவை ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு நான்தான் காரில் அழைத்துப் போவேன். காலை எட்டு மணிக்குக் கிளம்புவோம். ஆறு மணிக்குப் பறித்த பூ ஒன்றரை மணி நேரம் காரில் கிடந்து, கோயிலுக்குப் போய்ச் சேரும்போது துவண்டிருக்கும். இரண்டாம் சனியன்று வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். வாடின பூவைச் சாத்துகிறேனே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டே, அடுத்த வாரம் பதினொன்றுக்குக் கிளம்பலாம் அக்கா, கிளம்புகிற நேரத்தில் பறித்தால் பூ புதிதாக இருக்கும் என்றேன். அவர் யோசித்தார். தேனீ இருக்குமே என்றார். நான் கூடவே நிற்கிறேன், ஊசிதான் கையிலேயே இருக்கிறதே என்றேன். அவருக்குச் சந்தோஷமாகிவிட்டது.

மூன்றாம் சனியன்று என் கணவர் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவதற்காக விடியற்காலையிலேயே நண்பரின் காரில் கோயிலுக்குப் போய்விட்டார். அது முன்பே பேசி வைத்த ஏற்பாடு. வெயில் நன்றாக அடித்தது. காலை பத்தே முக்காலுக்கு ராதா அக்கா அரக்குப் புடவையில், பூக்கூடையோடு பின்கதவுக்கு வந்தார். கைப்பை தோளில் இருந்தது. ஊசி அதற்குள்தான் இருக்கும். கூடையும் பையும் ஒன்றாகச் சிரமம், பையைக் கொடுங்கள், காரில் வைத்துவிடுகிறேன் என்றேன். கொடுத்தார். முன்பக்கம் போய்ப் பையை முன் இருக்கைக்கு அடியில் வைத்து, காரைப் பூட்டி, சாவியை என் கையில் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் துளசித் தொட்டியைச் சுற்றி முடித்துப் பாதையில் இறங்கியிருந்தார். மெதுவாக, வலப்பக்கம் ஒரு பூ, இடப்பக்கம் ஒரு பூ என்று நின்று நின்று போனார். குளோவரில் தேனீக்கள் இருந்தன. அந்த மூன்று வாரத்தில் நான் புல்லை வெட்டவில்லை.

ஏழாவது அடியோ எட்டாவது அடியோ. சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"மிருணா, கொட்டிடுத்து. பையை எடுத்துண்டு வா."

அவர் குரலில் பதற்றமே இல்லை. நான் அங்கே இருக்கிறேன் என்ற தைரியம். இதோ அக்கா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன்.

பையைத் தேடினேன். பூஜை அறையில் பார்த்தேன். அவர் படுக்கை அறையில், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். துவைக்கிற இடத்தில் பார்த்தேன். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். கார்ச்சாவி என் இடது கையில் இருந்தது. வெளியே அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் மிருணா என்றார், பிறகு மிருணாம்மா என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அது ஒரே தடவை. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கூப்பிடவில்லை. சமையலறை அடுப்பின் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் ஆனதும் காருக்குப் போய்ப் பையை எடுத்து வந்தேன். ஊசியை முறைப்படி, தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டேன். பிறகு ஆம்புலன்சுக்குப் பேசினேன். முகவரியை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். கூடை கவிழ்ந்து ரனன்குலஸ் பூக்கள் அவர் மடியில் கிடந்தன. அவற்றை எடுத்துத் தண்ணீரில் போட்டேன்.

பதற்றத்தில் பையை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டது என்று அன்றைக்கு வந்த போலீஸ்காரரிடம் சொன்னேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். இது யாருக்கும் நடக்கும் என்றார். நம்மவர்கள் துக்கத்துக்கு வந்து, நீயும் என்னதான் செய்வாய், ஓடி ஓடித் தேடியிருக்கிறாயே என்று என்னைக் கட்டிக்கொண்டார்கள். சூசையம்மா அன்ரியும் வந்திருந்தார். கட்டிக்கொள்ளவில்லை. பின்கதவு வழியாக ஒருமுறை புல்லைப் பார்த்தார். போட்டு வாறன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கிரானி ஃப்ளாட் நின்றது. அக்கா ஆசையாகப் பறித்த பூக்கள், அப்படியே இருக்கட்டும் என்றார் என் கணவர். தினமும் சாயங்காலம் பாத்திக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். அழுவார். பதினாறு வருடத்தில் அவர் என் தோட்டத்தில் உட்கார்ந்தது அப்போதுதான். எனக்கு நிறைவாக இருந்தது.

ஆகவே, ராதா அக்காவைக் கொன்றது நான்தான். யாரும் தூண்டவில்லை. எனக்கு மனநோய் எதுவும் கிடையாது. கோபத்தில் செய்யவில்லை. ஐந்து மாதம் தண்ணீர் விட்டுச் செய்ததைக் கோபம் என்று யாரும் சொல்ல முடியாது. இதற்கு மேல் என்னிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வர்ஷாவின் வாக்குமூலத்தில் ஒரு பகுதி மட்டும் தவறு. அதைத் திருத்தத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இந்த வருடம் மே மாதம், வர்ஷாவுக்குச் சிட்னியில் வேலை கிடைத்திருக்கிறது, கணவனையும் மூன்று வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே வரப்போகிறாள் என்று தெரிந்தது. என் கணவர் அதே வரைபடத்தை எடுத்து அதே மேஜையில் விரித்தார். அனுமதி இன்னும் செல்லுமாம். இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. பாதையில் அங்கங்கே குளோவர் காய்ந்து சொட்டையாக இருந்தது. அந்த வாரம் போய்க் கொஞ்சம் விதை தூவினேன். தோட்டம் பார்க்க ஆட்கள் வருகிற இடம் அப்படி அலங்கோலமாக இருக்கக் கூடாது.

ராதா அக்காவின் வருஷாப்திகத்துக்கு, முதல் வருடத் திதிக்கு, வர்ஷா குழந்தையோடு வந்தாள். குழந்தை பெயர் யாமினி. பாட்டி படத்துக்குப் பூ வேண்டும் என்று சொல்லி, பாட்டி மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதையில் இறங்கினாள். அழகான குழந்தை. வர்ஷா என் பக்கத்தில் நின்று, தோட்டம் போன வருடத்தைவிட நன்றாக இருக்கிறது என்றாள். அப்போதுதான் நான் அவளிடம் கேட்டேன். அம்மாவுக்கு இருந்தது இவளுக்கும் இருக்கிறதா, டெஸ்ட் எடுத்துப் பார்த்தாயா என்று.

"இன்னும் பார்க்கல மாமி. ஏன்?" என்றாள்.

நான் குழந்தையின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வர்ஷா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். துளசித் தொட்டியிலிருந்து பாத்தி வரை, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு வெள்ளைப் பூ. மற்ற இடத்திலெல்லாம் வெறும் புல். "மாமி, இது ஏன் இங்க மட்டும் இருக்கு?" என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் ஓடிப்போய்க் குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூட எடுக்காமல் வாசல் வழியாக வெளியே போய்விட்டாள். அன்றைக்கே உங்களிடம் வந்திருக்கிறாள்.

நான் குழந்தையை மிரட்டியதாக அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பெற்றவளுக்குப் பயம் இருக்கும், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது உண்மையில்லை என்பதை இதில் பதிவு செய்ய விரும்புகிறேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை, அந்தக் குழந்தையிடம் எனக்கு ஒரு பகையும் கிடையாது. அந்தக் கேள்வியை நான் அக்கறையில்தான் கேட்டேன்.